பத்துப் பேர் போன பிறகு: ஒரு கோடையில் கலைந்த கூட்டமைப்பின் கதை



சென்ற மாதம் ஞாயிறு மாலைப் பேச்சில் நான் சொன்ன விடயத்தை எழுத்தில் தரும்படி சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும், "தம்பி, நீங்கள் கணக்கு வழக்கைப் பற்றிப் பேசினால் விளங்கும், இந்த முட்டை வடிவப் பந்தைப் பற்றி ஏன் பேசுறியள்?" என்று கேட்டார். அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில். இது பந்தைப் பற்றிய கதை மாதிரித் தெரிந்தாலும், உள்ளே இருப்பது கணக்கும் யாப்பும்தான்.

நான் விளையாட்டு வீரன் அல்லன். யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் படித்து, இங்கே வந்து மறுபடியும் சோதனைகள் எழுதிக் கணக்காளரானவன். கனடாவில் ஏப்ரல் 30 தாண்டும்வரை வரிப் பத்திரங்களுக்குள் தலையை விட்டபடி இருப்பேன். அப்படிப்பட்டவனை அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்துக்குள் இழுத்துவிட்டது என் தங்கையின் மகன். தங்கை குடும்பம் அமெரிக்காவில் ஸ்போக்கேன் நகரில் இருக்கிறது. மருமகன் 2015இல் புல்மன் என்ற சிற்றூரிலுள்ள வொஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கப் போனான். அவனைப் பார்க்க வன்கூவர்ப் பக்கமிருந்து ஏழெட்டு மணித்தியாலம் கார் ஓட்டிப் போவேன். எல்லையில் காத்து நிற்கும் நேரம் தனி.

புல்மனில் இருப்பவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். பல்கலைக்கழக மைதானத்தில் உள்ள இருக்கைகளும் ஏறத்தாழ 33,000. சுற்றிவரக் கோதுமை விளையும் குன்றுகள். கோதுமையோடு பருப்பும் கடலையும் விளைகின்றன. 1989 முதல் ஓகஸ்ட் மாதத்தில் அங்கே தேசியப் பருப்புத் திருவிழா நடக்கிறது. பெரிய கொப்பரையில் பருப்புக் காய்ச்சி ஊராருக்குக் கொடுக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது எங்கள் கோயில் அன்னதானம்தான் நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் பாற்பண்ணையில் தகரப் பேணியில் அடைத்த பாற்கட்டியும் செய்கிறார்கள். தங்கை வருடா வருடம் ஒரு பேணி வாங்கி வைத்துவிட்டு, "அண்ணா வந்தால்தான் உடைக்கிறது" என்பாள்.

இந்த ஊரில் 2018 ஒக்டோபர் 20ஆம் திகதி நான் முதல் ஆட்டம் பார்த்தேன். நாடெங்கும் ஒளிபரப்பாகும் சனிக்கிழமைக் காலை உதைபந்தாட்ட நிகழ்ச்சி ஒன்று அன்றைக்குத்தான் முதன்முறையாகப் புல்மனுக்கு வந்திருந்தது. அந்த நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும், 2003 ஒக்டோபர் தொடக்கம் தவறாமல், யாராவது ஒரு வொஷிங்டன் ஸ்டேட் பழைய மாணவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் செந்நிறக் கொடியைக் கூட்டத்துக்குப் பின்னால் அசைத்துக்கொண்டு நிற்பார். கொடி ஊருக்கு ஊர் அஞ்சலில் போகும். போகும் இடத்தில் வாங்கிப் பிடிக்க ஒருவர் இருப்பார். பதினைந்து வருடம் ஊர் ஊராய் அலைந்த அந்தக் கொடி அன்றைக்குத் தன் சொந்த ஊரில் பறந்தது. அன்று ஒரிகன் பல்கலைக்கழகத்தை 34க்கு 20 என்று வென்றார்கள். விளையாட்டின் விதி பாதி விளங்காமலே நானும் எழுந்து நின்று கத்தினேன்.

ஆட்டமில்லாத மாதங்கள்

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டப் பருவம் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடியும். மிச்சம் ஏழெட்டு மாதம் ஆட்டமில்லாக் காலம். பார்க்கிறவனுக்கு அது வெறும் இடைவெளி. உண்மையான இரசிகனுக்கு அதுதான் நெஞ்சிடி. டிசெம்பரிலும் பெப்ரவரியிலும் உயர்பள்ளி மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்று கையெழுத்திடுவார்கள். ஏப்ரல் அளவில் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம், அதாவது தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. யூன், யூலையில் ஒன்றும் நடக்காது. ஓகஸ்டில் பயிற்சி முகாம்.

முன்பு ஒரு மாணவன் பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் இருக்கவேண்டும். 2018இல் மாறுதல் பதிவேடு ஒன்று வந்தது. 2021இல் முதல்முறை மாறுபவர் காத்திருக்கத் தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு யூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் உழைக்கலாம் என்றும் ஆனது. அதிலிருந்து ஆட்டமில்லாக் காலம் சந்தைக் காலமாக மாறிவிட்டது. மாணவர்கள் உழைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பல பத்தாண்டுகள் பயிற்றுநர்களும் அதிகாரிகளும் மில்லியன் கணக்கில் வாங்க, ஆடிய பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு மட்டும் கிடைத்தது. அந்தக் கணக்கு எந்த நாளும் சரியாக இருந்ததில்லை.

ஆனால் 2023ஆம் ஆண்டுக் கோடையில் ஆட்டக்காரர்கள் மட்டும் மாறவில்லை. வீடே கலைந்தது.

நூற்றெட்டு வருட வீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே ஆடுவதில்லை. கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடும். பசிபிக் கரையின் கூட்டமைப்பு 1915 டிசெம்பர் 2ஆம் திகதி போர்ட்லண்ட் நகரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. முதல் உறுப்பினர் நால்வர்: கலிபோர்னியா, வொஷிங்டன், ஒரிகன், இன்று ஒரிகன் ஸ்டேட் எனப்படும் ஒரிகன் விவசாயக் கல்லூரி. வொஷிங்டன் ஸ்டேட் 1917இல் சேர்ந்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்ட் வந்தது, 1922இல் தென் கலிபோர்னியாவும் ஐடஹோவும், 1928இல் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் வந்தன.

இந்த வீட்டின் வரலாற்றில் எம்மவர்கள் அறிய வேண்டிய ஒரு பக்கம் உண்டு. 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 ஜனவரி 1இல் கலிபோர்னியாவில் நடக்கவேண்டிய றோஸ் போல் ஆட்டத்தைப் போர்ப் பயத்தால் நாட்டின் மறு கரைக்கு, வட கரோலைனாவின் டர்ஹம் நகருக்கு, மாற்றினார்கள். ஒரிகன் ஸ்டேட் அங்கே டியூக் பல்கலைக்கழகத்தை 20க்கு 16 என்று வென்றது. அந்த அணியில் ஜக் யொஷிஹாரா என்ற மாணவரும் இருந்தார். ஜப்பானில் பிறந்தவர் என்பதால் அவரை அணியோடு பயணம் செய்ய அரசு விடவில்லை. அணி ரயிலேறிப் போனது, அவர் பின்னால் நின்றார். சில மாதங்களில் அவரைத் தடுப்பு முகாமுக்கும் அனுப்பினார்கள். 2008இல்தான் பல்கலைக்கழகம் அவருக்கும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் கௌரவப் பட்டம் கொடுத்தது. இடையில் போனது அறுபத்தாறு வருடம்.

அடுத்த பக்கம் 1959. ஆட்டக்காரர்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரம் 1956இல் வெடித்தது. அதில் சிக்கியவை பெரிய பல்கலைக்கழகங்கள். தண்டனை பற்றி வந்த பிணக்கில் வீடு இரண்டுபட்டு, 1959இல் கூட்டமைப்பைக் கலைத்துவிட்டார்கள். உடனேயே ஐந்து பேர் சேர்ந்து புதிய சங்கம் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் நால்வரும் வொஷிங்டன் பல்கலைக்கழகமும்தான் அந்த ஐவர். வொஷிங்டன் ஸ்டேட், இரண்டு ஒரிகன் பல்கலைக்கழகங்கள், ஐடஹோ ஆகியோர் வெளியே விடப்பட்டார்கள். வொஷிங்டன் ஸ்டேட்டை 1962இலும் ஒரிகன்காரர் இருவரையும் 1964இலும் மீண்டும் சேர்த்தார்கள்.

ஐடஹோவைச் சேர்க்கவேயில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மொஸ்கோ என்ற ஊர் புல்மனிலிருந்து 13 கிலோமீற்றர். அதே குன்றுகள், அதே கோதுமை. ஆனால் அன்று விடுபட்ட ஐடஹோ பின்னர் இரண்டாம் தரத்துக்கு இறங்கி, 1996இல் ஏறி, 2018இல் திரும்பவும் தானாகவே இறங்கிக்கொண்டது. வொஷிங்டன் ஸ்டேட் இரசிகர்கள் 2023இல் ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்று கேட்டால், பக்கத்து ஊரைக் காட்டினால் போதும்.

பின்னர் 1978இல் அரிசோனாக்காரர் இருவர் வந்து பத்தானது. 2011இல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பன்னிரண்டானது. பெயரும் பசிபிக்-12.

கணக்கு எங்கே பிழைத்தது

2011இல் இந்தக் கூட்டமைப்பு இரண்டு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களோடு 12 வருடத்துக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. அன்றைக்கு அது பெரிய சாதனை. 2012இல் சொந்தத் தொலைக்காட்சியும் தொடங்கினார்கள். பங்காளி எவரும் வேண்டாம், முழுவதும் எங்களுக்கே என்று நினைத்தார்கள். மற்றக் கூட்டமைப்புகள் பெரிய நிறுவனங்களைப் பங்காளியாக்கின. அதனால் அவர்களின் தொலைக்காட்சி வீடு வீடாகப் போனது. பசிபிக்-12 தொலைக்காட்சியை ஒரு பெரிய செய்மதி நிறுவனம் கடைசிவரை எடுக்கவில்லை. நட்டம் வந்தால் பங்குபோட ஆளில்லாத வியாபாரம் அது. அலுவலகமோ வாடகை நெருப்பாக எரியும் சான் பிரான்சிஸ்கோவில்.

2023 ஜனவரியில் இன்னொன்று வெளியே வந்தது. ஒரு கேபிள் நிறுவனம் பத்து வருடமளவில் இந்தத் தொலைக்காட்சிக்குக் கூடுதலாகக் கட்டிய பணம் ஏறத்தாழ 50 மில்லியன் டொலர். இரண்டு உயர் அதிகாரிகள் வேலை நீக்கப்பட்டார்கள். இதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூடுதலாக வந்த பணம் வருமானமல்ல, அது கடன். வணிகக் கல்வியின் முதலாம் வருடப் பாடம் இது. அதை உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு எந்தப் பெட்டியிலிருந்து திருப்பிக் கொடுப்பது?

இதற்கிடையில் 2022 யூன் 30ஆம் திகதி தென் கலிபோர்னியாவும் லொஸ் ஏஞ்சலிஸும் தாங்கள் 2024இல் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. தொலைக்காட்சிக்காரருக்கு லொஸ் ஏஞ்சலிஸ் நகரம்தான் பெரிய சந்தை. அது போனதும் மிச்சப் பத்துப் பேரின் விலை இறங்கியது. 2022 இலையுதிர் காலத்தில் ஒரு நிறுவனம் ஆளுக்கு 30 மில்லியன் டொலரளவு தரச் சம்மதித்ததென்றும், கூட்டமைப்பு 50 மில்லியன் கேட்டுத் திருப்பி அனுப்பியதென்றும் பின்னர் செய்திகள் வெளியாகின. அதே நேரத்தில் பிக் 12 என்ற மற்றக் கூட்டமைப்பு கிடைத்ததை வாங்கி, நேரத்தோடு கையெழுத்து வைத்துவிட்டது. எங்கள் ஊர்ச் சந்தையில் காலையில் நல்ல விலைக்குக் கேட்டவனை அனுப்பிவிட்டு, பொழுதுபட வெற்றிலையைக் கடகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருபவரைப் பார்த்திருப்பீர்கள்.

2023 யூலை 27இல் கொலராடோ பிக் 12க்குப் போனது. ஓகஸ்ட் தொடக்கத்தில் பசிபிக்-12 தலைவர்களின் மேசைக்கு வந்தது அப்பிள் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒன்று மட்டும். சந்தாக்காரர் கூடினால் பணம் கூடும், இல்லாவிட்டால் இல்லை. ஓகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை வொஷிங்டனும் ஒரிகனும் பிக் டென்னுக்குப் போயின. அன்றிரவே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குப் போயின. செப்டெம்பர் 1ஆம் திகதி ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிபிக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் பல்கலைக்கழகங்கள் அத்திலாந்திக் கரையில் அங்கத்தவர்! பிக் டென் என்றால் பெரிய பத்து என்று அர்த்தம். அதில் இப்போது பதினெட்டுப் பேர். இந்த நாட்டில் பெயருக்கும் தொகைக்கும் சம்பந்தம் கேட்கக்கூடாது.

ஓகஸ்ட் 4 இரவு மருமகன் தொலைபேசி எடுத்தான். அப்போது அவன் சியாட்டிலில் வேலை செய்துகொண்டிருந்தான்.

"மாமா, எல்லாரும் வெளிக்கிடுறாங்கள். கடைசியா நாங்களும் ஒரிகன் ஸ்டேட்டும்தான் மிஞ்சுவம் போல கிடக்கு."

"விளையாட்டுத்தானே தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஒழுங்கையில் மிஞ்சிய வீடுகள்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் ஒன்று. அந்த இரவைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் மட்டும் நின்றுவிட்டார்கள். ஒரு வீட்டில் நடக்க முடியாத பாட்டியும் மகளும். மற்ற வீட்டில் ஓய்வுபெற்ற தபால் அதிபர். அவர் சொன்னது, "எல்லாரும் போனால் ஊர் ஆருடைய பெயரில் கிடக்கும்?" என்பது.

விளையாட்டுப் பணத்தையும் அந்த இரவையும் ஒரே தராசில் வைக்கிறவன் அல்லன் நான். புல்மனில் எவர் வீட்டிலும் ஷெல் விழவில்லை. போனவர்களும் உயிருக்குப் பயந்து போகவில்லை, கூடிய பணத்துக்குப் போனார்கள். ஆனாலும் நேற்றுவரை ஒன்றாக ஓடித்திரிந்த ஒழுங்கை ஒரே இரவில் வெறுமையாகும்போது நின்றவன் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்த முகம். மருமகனின் குரலில் அது இருந்தது.

யாப்பு காத்தது

இனித்தான் கணக்காளனுக்குப் பிடித்த பகுதி. பத்துப் பேர் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள், ஆனால் 2024 கோடைவரை உள்ளேதான் இருப்பார்கள். அப்படியானால் கூட்டமைப்பின் பணத்தைப் பற்றித் தீர்மானிப்பது யார்? பன்னிரண்டு பேர் வாக்களித்தால் பத்துக்கு இரண்டு. போகிறவர்கள் கூட்டமைப்பைக் கலைத்து, இருப்பதைப் பங்கிட்டுக்கொண்டே போகலாம்.

நின்ற இருவரும் யாப்பை எடுத்து வாசித்தார்கள். 2024 ஓகஸ்ட் 1க்கு முன்னர் விலகல் அறிவித்தல் கொடுக்கும் உறுப்பினரின் பிரதிநிதி நிர்வாக சபையில் இடமிழப்பார் என்று அதில் எழுதியிருந்தது. 2022இல் லொஸ் ஏஞ்சலிஸ்காரர் இருவரும் போகிறோம் என்றபோது மற்றவர்கள் அந்த விதிப்படியே அவர்களைச் சபைக்கு வெளியே வைத்திருந்தார்கள். கொலராடோவுக்கும் அப்படியே செய்தார்கள். அடுத்தவனுக்குப் பிடித்த அளவுகோலைத் தங்களுக்குப் பிடித்தபோது மட்டும், "நாங்கள் போகிறோம் என்றுதான் சொன்னோம், அறிவித்தல் கொடுக்கவில்லை" என்றார்கள்.

வழக்கு நடந்தது புல்மன் இருக்கும் விட்மன் மாவட்ட நீதிமன்றத்தில். நீதிபதி கரி லிபி 2023 செப்டெம்பர் 11இல் தற்காலிகத் தடை விதித்தார். நவம்பர் 14இல் நிர்வாக சபை என்பது நின்ற இரண்டு பேர்தான் என்று இடைக்காலக் கட்டளை கொடுத்தார். போனவர்களையும் நியாயமாக நடத்தவேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. டிசெம்பர் 15இல் மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அடுத்த வாரமே சமாதானம் பேசினார்கள். உடன்பாட்டின்படி போகும் பத்துப் பேரிடமும் ஆளுக்கு 5 மில்லியன் டொலர் பிடித்து வைத்து, மேலதிகமாக ஆளுக்கு 1.5 மில்லியன் வாங்குவது. மொத்தம் 65 மில்லியன் டொலர்.

சொத்து மட்டும் வரவில்லை. கேபிள் நிறுவனத்துக் கடன், நிலுவை வழக்குகள் எல்லாம் சேர்ந்தே வந்தன. ஐந்தொகையில் இரண்டு பக்கமும் உண்டு. ஆனாலும் பெயர் அவர்களுடையது, முத்திரை அவர்களுடையது, கூடைப்பந்தில் முன்பு வென்றதற்காக வருடா வருடம் வரும் பங்குப் பணமும் அவர்களுடையது. தபால் அதிபர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

இரண்டு பேரின் கூட்டமைப்பு

தீர்ப்பில் வென்றால் ஆட்டத்தில் வெல்வதாகாது. 2023 செப்டெம்பர் 23இல் நின்ற இருவரும் புல்மனில் மோதினார்கள். வொஷிங்டன் ஸ்டேட் 38க்கு 35 என்று வென்றது. இரு பக்கத்து இரசிகர்களும் அன்றைக்கு எதிரிகளாக இருக்கவில்லை, செத்த வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி இருந்தார்கள் என்று மருமகன் சொன்னான். நவம்பரில் ஒரிகன் ஸ்டேட்டின் பயிற்றுநர் ஜொனதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். அவர் அதே ஒரிகன் ஸ்டேட்டில் ஆடிப் படித்தவர். வொஷிங்டன் ஸ்டேட்டின் முன்னணி ஆட்டக்காரர் கம் வோர்ட் ஜனவரியில் மயாமிக்குப் போனார். 2025இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான். 2024 மார்ச்சில் விளையாட்டுத் துறைத் தலைவர் பட் சன், அதே மாநிலத்துப் போட்டியாளரான வொஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கே போனார்.

2024இல் ஆட ஆளில்லை. மவுண்டன் வெஸ்ட் என்ற பக்கத்துக் கூட்டமைப்போடு பணம் கட்டி, ஆளுக்கு ஆறு ஆட்டம் என்று ஒழுங்குசெய்தார்கள். வாடகை வீடு மாதிரி. எட்டுப் பேருக்குக் குறைந்த கூட்டமைப்புக்கு இரண்டு வருடத் தவணை விதியில் இருந்தது. அந்த இரண்டு வருடத்துக்குள் வீடு கட்டவேண்டும்.

அந்த வருடத்தில் ஒரு நாள் மட்டும் எல்லாவற்றையும் மறக்க வைத்தது. 2024 செப்டெம்பர் 14, சியாட்டிலில் அப்பிள் கோப்பை. 1900ஆம் ஆண்டிலிருந்து இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் மோதும் ஆட்டம். கூட்டமைப்பு உடைந்த பிறகும் ஐந்து வருடத்துக்குத் தொடர்வதென்று உடன்பட்டிருந்தார்கள். கடைசி நிமிடங்களில் வொஷிங்டன் கோட்டுக்கு மிக அருகில் நின்றது. நாலாவது முயற்சியில் தடுத்தார்கள். 24க்கு 19. நான் வீட்டில் ஒரு பக்கம் வரிக் கோப்பு, ஒரு பக்கம் தொலைக்காட்சி என்று இருந்து, கோப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

முதல் ஒன்பது ஆட்டத்தில் எட்டை வென்றார்கள். பிறகு தோல்வி மேல் தோல்வி. டிசெம்பரில் பயிற்றுநர் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபொரஸ்டுக்குப் போனார், புதிய முன்னணி ஆட்டக்காரர் ஜோன் மட்டீர் ஒக்லஹோமாவுக்குப் போனார். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்னரே ஆட்டமில்லாக் காலம் தொடங்கிவிட்டது. மிஞ்சிய பிள்ளைகள் சன் டியேகோவில் சிரகியூஸிடம் 52க்கு 35 என்று தோற்றார்கள். வெல்லும் அணி என்று ஆனவுடன் வாங்குகிறவர்கள் வந்து நிற்கிறார்கள். நாற்றுமேடை மாதிரி ஆகிவிட்டது என்று மருமகன் சொன்னான். இங்கே முளைக்கும், வேறு வயலில் விளையும்.

நெருடும் ஒரு பக்கம்

இந்தக் கதையை இத்தோடு முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்கு எழுதுகிறவன் ஒரு பக்கத்தை மறைக்கக்கூடாது.

2024 செப்டெம்பர் 12ஆம் திகதி பொய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சன் டியேகோ ஸ்டேட் நான்கும் பசிபிக்-12இல் சேர்வதாக அறிவித்தன. அதே மாதம் யூட்டா ஸ்டேட்டும் வந்தது. இந்த ஐந்தும் எங்கேயிருந்து வந்தன? தெருவில் நின்றவர்களுக்கு ஆட இடம் கொடுத்த அதே மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பிலிருந்து. ஆள் பிடித்தால் தண்டப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்தப் பணத்தைக் கட்ட முடியாது என்று பசிபிக்-12 வழக்குப் போட்டது. பின்னர் உதைபந்தாட்டம் இல்லாத கொன்சாகாவும், 2025 யூன் 30இல் டெக்சஸ் ஸ்டேட்டும் சேர, எண்ணிக்கை நிரம்பியது. புதிய வீட்டுக்கு 2026 யூலை 1 என்று நாள் குறித்தார்கள்.

மருமகன் சந்தோசமாக அழைத்தான். "மாமா, தப்பிட்டம்!"

"அப்ப மவுண்டன் வெஸ்டில மிஞ்சின ஆக்களின்ர கதி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாங்கள் வேற என்ன மாமா செய்யிறது?" என்றான்.

அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. தாங்கள் பட்டதை இன்னொருவருக்குச் செய்துதான் தப்பமுடியும் என்ற நிலையில் இருவரையும் கொண்டுபோய் விட்டது அந்த முறை. அவர்கள் செய்யாவிட்டால் மொஸ்கோவின் நிலைதான். ஆனாலும் விடப்பட்டவன் என்ற ஒரு காரணத்தால் ஒருவன் செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது. எம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

எமக்கு என்ன

நேயர்களில் பலர் ஊர்ச் சங்கம், கோயில், பழைய மாணவர் சங்கம் என்று ஏதோ ஒன்றின் நிர்வாகத்தில் இருப்பீர்கள். பல சங்கங்களின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் மூன்று விடயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, யாப்பை வாசியுங்கள். பெரும்பாலான சங்கங்களில் யாப்பு அலுமாரியில் இருக்கிறது, பிணக்கு வந்த பிறகுதான் தேடுகிறோம். விலகுகிறவருக்கு வாக்கு உண்டா, சங்கம் கலைந்தால் வங்கியிலிருக்கும் பணம் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கம் இரண்டாக உடைந்தபோது, பதினெட்டு வருடம் சேர்த்த பணம் நாலு வருடம் முடங்கிக் கிடந்தது. ஊரில் கட்டவேண்டிய வகுப்பறையைக் கட்டாமலே அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டார்கள். பிழையில் பாதி என்னுடையது. யாப்பில் அந்த வரி இல்லை என்பதைப் பொருளாளர் கவனித்திருக்கவேண்டும்.

இரண்டாவது, கூடுதலாக வந்த பணத்தை உங்கள் பணம் என்று எண்ணாதீர்கள். மூன்றாவது, ஆட்டம் நடக்கும் நாளில் எல்லாரும் வருவார்கள். கலைவிழாவுக்கு மண்டபம் நிரம்பும், பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருவார்கள். ஆனால் நூற்றெட்டு வருட வீடு கலைந்தது மைதானத்தில் ஒருவரும் இல்லாத ஓகஸ்ட் மாதத்தில். ஆட்டமில்லாத நாட்களிலும் தயவுசெய்து வாருங்கள்.

எங்கள் ஒழுங்கைத் தபால் அதிபரை 2004இல் ஊருக்குப் போனபோது பார்த்தேன். ஒரு கடதாசிப் பெட்டிக்குள் எங்கள் வாசிகசாலையின் கூட்ட அறிக்கைக் கொப்பிகளை வைத்திருந்தார். கறையான் அரித்தது போக நாலு கொப்பி. "ஒருத்தரும் கேட்டு வரேல்லை, நீதான் முதல் ஆள்" என்றார். அதில் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், 1995 செப்டெம்பர்க் கூட்டத்தில், என் கையெழுத்தும் இருந்தது.

தங்கை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இந்த வருடத்துப் பாற்கட்டிப் பேணி இன்னும் உடைக்காமல் இருக்கிறதாம். வரிக் காலம் முடியப் போகவேண்டும்.